கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கியூபாப் பாட்டு விழா: பத்து மணி வரை பொறுங்கள்

போகலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போகலாம். சனி, ஞாயிறு இரண்டு சாயங்காலத்துக்கும் சேர்த்துச் சீட்டு 150 ரூபாய்தான். ஆனால் மேடைக் கச்சேரியை மட்டும் கேட்டுவிட்டு ஒன்பதரைக்கே வண்டியை எடுத்தால் அந்த 150 ரூபாயும் தண்டம்.

இடம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு வாசகசாலை. கேரளத்தில் ஊருக்கு ஊர் இருக்கிற மாதிரியான பழைய ஓட்டுக் கட்டடம், முன்னால் நீளமான திண்ணை, பின்னால் தென்னந்தோப்பு. அலமாரியில் பாதி மலையாளம், பாதி தமிழ். வருஷா வருஷம் மார்ச் 19-ஐ ஒட்டி வரும் சனி, ஞாயிறில் இங்கே கியூபாவின் பழைய ட்ரோவா பாட்டுக்கென்று, அதாவது கிட்டாரோடு பாடும் அந்த ஊர்ப் பாட்டுக்கென்று, ஒரு விழா நடக்கிறது. கள்ளுக்குப் பேர்போன சித்தூர்த் தாலுகாவில் கியூபாப் பாட்டா என்று சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கம் சே குவேரா படம் ஒட்டாத ஆட்டோ ஸ்டாண்டு ஏது? படத்தை இத்தனை வருஷமாக ஒட்டியவர்கள் அந்த நாட்டுப் பாட்டையும் ஒருநாள் கேட்டுப் பார்க்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நல்லதுதான்.

என்னைப் பற்றி ஒரு வரி. கானமேளா என்கிற சினிமாப் பாட்டு மேடைக் கச்சேரிகளில் ரிதம் கிட்டார் வாசிக்கிறவன். பாலக்காட்டுப் பூரத்துக்கும் வாசிப்பேன், பொள்ளாச்சிக் கல்யாணத்துக்கும் வாசிப்பேன். ஆகவே இது ரசிகர் எழுதும் பாராட்டு அல்ல, கம்பியும் மைக்கும் பிழைப்பாக இருக்கிற ஒருவனின் கணக்கு.

அசல் விழா நடப்பது கியூபாவின் கிழக்குக் கோடியில், சாந்தியாகோ தே கியூபா நகரத்தில். பழைய ட்ரோவாப் பாட்டுக்காரர் பெப்பே சாஞ்செஸ் பேரில் வருஷா வருஷம் மார்ச்சில் நடக்கிறது. அவர் பிறந்தது 1856 மார்ச் 19. அந்தத் தேதியைத்தான் கியூபாவில் ட்ரோவா பாடகர்களின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். சாந்தா இஃபிஹேனியா கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதிக்குப் போய் மரியாதை செய்வதும் விழாவில் ஒரு பகுதி. கியூபாவின் விடுதலைக் கவிஞர் ஹோசே மார்த்தி அடங்கியிருப்பதும் அதே இடம்தான், பிடல் காஸ்ட்ரோ அடங்கியிருப்பதும் அங்கேதான். ஒரு பாட்டுக்காரரும் அதே மண்ணில்.

இதையெல்லாம் சனிக்கிழமை முதல் நிகழ்ச்சியாகப் பாலக்காட்டுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் படம் போட்டுச் சொன்னார். மலையாளத்தில் ஆரம்பித்து, முன்வரிசையில் இருந்த எங்கள் பெருசுகள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் தமிழுக்குத் தாவினார். அவருடைய தமிழ் நன்றாகவே இருந்தது. அரசியல் பகுதி நீண்டுவிட்டது, அதைக் கால்வாசியாகக் குறைக்கலாம். பாட்டுக்காரர்களைப் பற்றிப் பேசியபோது மட்டும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

பெப்பே சாஞ்செஸ் தொழிலால் தையல்காரர். இசைக்குறிப்பு எழுதப் படிக்கத் தெரியாது. மனதுக்குள்ளேயே பாட்டுக் கட்டி, கிட்டாரை எடுத்துப் பாடி, அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். எழுதி வைக்காததால் பெரும்பாலான பாட்டுகள் அவரோடே போய்விட்டன. கூட இருந்தவர்கள் மனப்பாடம் பண்ணி வைத்தவைதான் மிச்சம். 1880-களில் அவர் கட்டிய 'த்ரிஸ்தேசாஸ்' கியூபாவின் முதல் பொலேரோ, அதாவது மெதுவாக ஓடும் காதல் பாட்டு, என்று கருதப்படுகிறது. ஸ்பெயினிலும் பொலேரோ என்ற பேரில் ஒன்று உண்டு, அது மூன்று எண்ணிக்கையில் ஓடும் ஆட்டம். கியூபாக்காரர்களுடையது இரண்டு எண்ணிக்கை, இது வேறு சரக்கு. 2023-ல் மெக்சிகோவும் கியூபாவும் சேர்ந்து கேட்டு பொலேரோவுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் வாங்கின.

அவருக்கு அடுத்த தலைமுறையில் நான்கு பேரைப் பெரிய தலைகளாகச் சொல்கிறார்கள்: சிந்தோ காராய், மானுவேல் கொரோனா, ரொசேந்தோ ரூயிஸ், அல்பெர்த்தோ வில்லலோன். கொரோனா சுருட்டுச் சுற்றுகிற தொழிலாளி. இளவயதில் சர்க்கஸில் வித்தை காட்டியவர் காராய். 1867-ல் பிறந்து 1968 வரை, 101 வயது வாழ்ந்தார். ஹோசே மார்த்தியின் கையையும் குலுக்கியிருக்கிறேன், பிடல் காஸ்ட்ரோவின் கையையும் குலுக்கியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம். மார்த்தி செத்தது 1895-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையில் அவருடைய கிழட்டு முகம் வந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த தோப்புக்காரர் ஒருவர், "ஏனுங்க, இவரு நம்ம பழைய தவில்காரரு மாதிரியே இல்லீங்களா" என்றார். இருந்தது.

அடுத்து மேடைக் கச்சேரி. புகார்கள் எல்லாம் இங்கேதான்.

ட்ரோவாவுக்கு என்ன வேண்டும்? கிட்டார் ஒன்றோ இரண்டோ, குரல் இரண்டு. அவ்வளவுதான். மேலே போகும் குரல் மெட்டைச் சொல்லும். கீழே வரும் இரண்டாம் குரல் பக்கவாத்தியம் மாதிரி பின்னாலேயே வராது, தன் வழியில் போய் அங்கங்கே வந்து சேரும். சில பாட்டுகளில் இரண்டாம் குரலுக்குத் தனி வரிகளே உண்டு, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். இரண்டாம் குரல் பாடியே உலகப் பேர் வாங்கினவர் கொம்பாய் செகுந்தோ. 1907-ல் பிறந்த அவரும் வெகுகாலம் சுருட்டுத் தொழிலாளியாக இருந்தவர்தான். 1996-ல் ஹவானாவில் 'புவேனா விஸ்தா சோஷியல் கிளப்' ஆல்பத்துக்காக உட்கார்ந்தபோது அவருக்கு வயது 88.

நம் சினிமா டூயட்டில் அவர் ஒரு வரி, இவர் ஒரு வரி. கடைசியில் சேர்ந்து பாடினாலும் பெரும்பாலும் ஒரே மெட்டுதான். அதே பழக்கத்தில் மேடையில் பாடினால் ட்ரோவா நிற்காது. சனிக்கிழமை பாடிய ஜோடிகளில் பாதிப்பேர் அப்படித்தான் பாடினார்கள். பயிற்சிக் குறை, திட்ட மாட்டேன். ஆனால் மைக்செட்காரரை விட மாட்டேன். இரண்டு பேர் காதுக்குப் பக்கத்தில் பாட வேண்டிய பாட்டுக்கு, கோயில் திருவிழா நாடகத்துக்கு வைக்கிற எக்கோவை வைத்தார். ஒவ்வொரு வரியும் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்து அடுத்த வரியின் மேல் ஏறியது. இரண்டாம் குரல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கீழே மிக்சர் பக்கம் போய், "அண்ணா, எக்கோவைச் சுத்தமா எடுத்துருங்க" என்றேன். "எக்கோ இல்லாம எப்படீங்க, வெறும் குரல் மாதிரி இருக்குமே" என்றார். வெறும் குரல் மாதிரி இருக்கத்தான் சொன்னேன். கேட்கவில்லை.

கிட்டாரும் தப்பு. ஸ்டீல் கம்பி போட்ட எலக்ட்ரோ அகூஸ்டிக்கை நேரே பாக்ஸில் சொருகியிருந்தார்கள். கானமேளாவுக்கு அது சரி, டிரம்ஸையும் கீபோர்டையும் தாண்டிக் கேட்க வேண்டும். இந்தப் பாட்டுக்கு நைலான் கம்பிதான் வேண்டும், கட்டை விரலில் தாழ்ந்த கம்பி உருண்டு வர வேண்டும். ஸ்டீல் கம்பியில் அடித்தால் தகரத்தில் மழை பெய்கிற சத்தம். அதிலும் ஒரு தம்பி விரலை விட்டுவிட்டு பிக் என்கிற பிளாஸ்டிக் வில்லையை வைத்து வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டேன்.

நடுவில் கூட்டத்திலிருந்து 'குவாந்தனமேரா' கேட்டார்கள். கேட்பார்கள் என்று தெரியும், கேரளத்தில் கியூபா என்றால் அந்த ஒரு பாட்டுதான். நல்ல பாட்டு, மார்த்தியின் கவிதை வரிகளை வைத்துப் பாடுவது. ஆனால் அது குவாஹிரா வகை, கிராமத்துப் பாட்டு. இந்த விழாவின் வகை இல்லை. அறிவிப்பாளர் அதைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். சொல்லாமல் பாட விட்டார்கள். எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள், மேடையில் அன்றைக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதற்குத்தான். வருத்தம் ஒன்றும் இல்லை, சும்மா பதிவு செய்கிறேன்.

சாப்பாட்டைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் சாப்பாடு அருமை. வாசலில் ராமசேரி இட்லிக் கடை போட்டிருந்தார்கள். எலப்புள்ளி பக்கத்து ராமசேரி, இங்கிருந்து தூரமில்லை. காஞ்சிபுரம் பக்கமிருந்து பல தலைமுறைக்கு முன்பு வந்த முதலியார் குடும்பங்கள் செய்கிற இட்லி. தட்டையாக, சின்னத் தோசை அகலத்துக்கு, மண்சட்டியின் வாயில் நூல் வலை கட்டி அதன்மேல் துணி விரித்து விறகடுப்பில் வேகவைப்பது. இரண்டு இட்லி, பொடி, எண்ணெய், 40 ரூபாய். பொடியில் காரம் சரியாக இருந்தது. சட்னி மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கே தீர்ந்துபோனது. சுலைமானி, அதாவது பால் இல்லாத டீ, 10 ரூபாய், எலுமிச்சை தாராளம். கள்ளு, ரம் பற்றி யாரும் கேட்க வேண்டாம், வாசகசாலைக்குள் அனுமதி இல்லை. வெளியே எங்கே என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

இப்போது பத்து மணி விஷயம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் வந்த ஒலி மாசு விதி சொல்கிறது. மார்ச் என்பதால் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை வேறு. பக்கத்து வீட்டில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போது யாரும் வம்புக்குப் போக மாட்டார்கள். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே மைக்செட்காரர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். கூட்டத்தில் முக்கால்வாசி கிளம்பிப் போனது. மிச்சம் இருந்தவர்கள் நாற்காலியை விட்டுத் திண்ணைக்கு வந்தார்கள்.

அங்கேதான் விழா நடந்தது.

சாந்தியாகோவில் எரேதியா தெருவில் காசா தெ லா ட்ரோவா என்று ஒரு வீடு இருக்கிறது. 1968-லிருந்து ட்ரோவாக்காரர்கள் கூடிப் பாடுகிற இடம். சாயங்காலம் ஆசிரியர் போட்ட படங்களில் பார்த்தோம். சுவர் முழுக்கப் பழைய பாடகர்களின் படம், பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் கை நீட்டினால் தொடுகிற தூரம். வாசகசாலைத் திண்ணை அந்த அளவுக்குச் சரியாக இருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த நேரத்துக்குக் கொஞ்சம் குளிர்ந்து, தென்னையை ஆட்டிக்கொண்டு வந்தது. மேடையில் ஏறவே கூச்சப்பட்ட ஒரு பெரியவர் உறையிலிருந்து கிட்டாரை எடுத்தார். நைலான் கம்பி. அப்பாடா.

பொள்ளாச்சியிலிருந்து வந்த அக்கா தங்கை இரண்டு பேர் பாடினார்கள். அக்கா நர்ஸ், தங்கை கல்லூரியில் படிக்கிறது. இருவரும் சர்ச் பாடகர் குழு. சின்ன வயதிலிருந்து ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பாடிய தொண்டைக்கு இரண்டாம் குரல் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாடியது 'வெயிந்தே ஆன்யோஸ்'. 1935-ல் மரியா தெரேசா வேரா மெட்டமைத்தது, வரிகள் அவருடைய தோழி கியெர்மினா அராம்புருவுடையது. ஆண்களே நிறைந்த அந்த உலகத்தில் கிட்டாரோடு நின்று பேர் வாங்கிய பெண் வேரா. 1937-லிருந்து லொரென்சோ இயெரெசுவேலோ என்பவரோடு கால் நூற்றாண்டு ஜோடியாகப் பாடினார். அந்த லொரென்சோ இன்னொரு பக்கம் கொம்பாய் செகுந்தோவோடும் ஜோடி. ஒரே ஆள் இரண்டு ஜோடியில் பாடிப் பிழைத்திருக்கிறார். எங்கள் தொழிலில் சீசன் நேரத்தில் இது சகஜம்.

தங்கை மெட்டை எடுத்தாள். மூன்றாவது வரியில் அக்கா கீழே நுழைந்தாள். நுழைந்ததே தெரியவில்லை, பாட்டு திடீரென்று கனத்தது, அவ்வளவுதான். பழைய காதல் போய்விட்டது, திரும்ப வராது என்று பாடுகிற பாட்டு. இரண்டு பேரும் முகத்தில் ஒரு பாவமும் காட்டவில்லை, கையை ஆட்டவில்லை. மேடையில் இதே பாட்டை ஏழு மணிக்கு வேறொரு ஜோடி எக்கோவோடு பாடியபோது நான் கொட்டாவி விட்டேன். இப்போது பக்கத்தில் இருந்த மைக்செட்காரரே ஒயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தேன், அவரும் பார்த்தார்.

அப்புறம் பெரியவர் சிந்தோ காராயின் பாட்டு ஒன்றை வாசித்தார். காராய்க்கும் முறையான சங்கீதப் படிப்பு கிடையாது, பெப்பே சாஞ்செஸிடம் கேட்டுக் கற்றவர். ஆனால் அவர் கிட்டாரில் போடுகிற கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, பார்த்தால் எந்தக் காலேஜில் படித்தார் என்று கேட்கத் தோன்றும். அடுத்து இங்கேதான் வருவார் என்று என் இடது கை தயாராக நிற்கிறது, அவர் அரைச்சுரம் நழுவி வேறு எங்கோ போய், சுற்றி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி வீட்டுக்குள் நுழைகிறார். பெரியவருக்கு இரண்டு இடத்தில் விரல் தடுமாறியது. யாரும் கண்டுகொள்ளவில்லை. தடுமாறாமல் வாசிக்க அது கடினமான பாட்டு.

ஜமாப் மேளம் அடிக்கிற பையன்கள் இரண்டு பேர் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். கிட்டாரில் திரும்பத் திரும்ப வருகிற அந்தத் தட்டு என்ன என்று கேட்டார்கள். சிங்கீயோ என்பது அதன் பேர், ஐந்து தட்டு. எட்டு மாத்திரையை 2, 1, 2, 1, 2 என்று பிரித்துத் தட்டுங்கள், வந்துவிடும். பழைய பொலேரோவின் ஓட்டம் அந்த ஐந்து தட்டில்தான் இருக்கிறது. பையன்கள் இரண்டு சுற்றிலேயே பிடித்துவிட்டார்கள். மூன்றாவது சுற்றில் அதற்கு மேல் ஜமாப் சங்கதி போட ஆரம்பித்தார்கள், பெரியவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். நான் கிட்டாரை வாங்கிக் கொஞ்சம் வாசித்தேன். ரிதம் கிட்டார்க்காரனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பேஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை, தாளமும் அடித்தளமும் எல்லாம் உங்கள் வலது கையில். ஒளிந்துகொள்ள இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான். மேடை சுமார், திண்ணை பிரமாதம். எக்கோ மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. அதற்கு நான் பொறுப்பேற்றுக்கொள்ள மாட்டேன், யார் சொன்னார்களோ.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. பாட்டு வரிகளைத் தமிழ், மலையாளம் இரண்டு எழுத்திலும் அச்சடித்துச் சின்னப் புத்தகம் போட்டிருக்கிறார்கள், 30 ரூபாய். வாங்குங்கள். எழுத்து பொடிசு, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளுக்குப் பொருள் போடாமல் விட்டுவிட்டார்கள், ஆனாலும் வாங்குங்கள், இதை வேறு யாரும் போடப் போவதில்லை. மின்விசிறி மேடைக்கு முன்னால் இரண்டு வரிசைக்குத்தான் எட்டும். பாலக்காட்டு மார்ச் வெயிலில் சாயங்காலம் ஆறு மணிக்கும் ஓடு கொதிக்கும், ஆகவே சீக்கிரம் போய் ஜன்னல் பக்கம் இடம் பிடியுங்கள். பெண்களுக்கான கழிவறைக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளாளுக்குக் கை காட்டுகிறார்கள். இது இரண்டு நாளும் நடந்தது. பணம் வாங்கி நடத்துகிற விழாவில் இது கூடாது.

பொள்ளாச்சி, கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் பஸ்ஸை நம்ப வேண்டாம். பாட்டு சூடுபிடிக்கிற நேரத்தில் திரும்பிப் போக பஸ் இருக்காது. பைக்கிலோ, நாலு பேர் சேர்ந்து காரிலோ வாருங்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் கேட்டால் பாட்டுக் கேட்கப் போனோம் என்று சொல்லுங்கள். கியூபா என்று ஆரம்பித்தால் விளக்கம் சொல்லி முடிக்க நேரமாகும்.

நடத்துகிற தம்பிகளிடம் ஞாயிறு இரவே சொல்லிவிட்டேன். மேடைக்கும் பாக்ஸுக்கும் கொடுக்கிற வாடகையை மிச்சம் பிடித்து, சீட்டை எண்பது பேரோடு நிறுத்தி, எட்டு மணிக்கே திண்ணையில் உட்கார்ந்துவிடுங்கள் என்று. கூட்டம் வராதே என்கிறார்கள். வருகிற கூட்டம் குவாந்தனமேராவுக்கு வருகிற கூட்டம், போகட்டும் விடுங்கள் என்றேன். யோசிப்பதாகச் சொன்னார்கள். அடுத்த வருஷத்துக்கு இரண்டு செட் நைலான் கம்பி நான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஸ்டீல் கிட்டாரில் மாட்டக் கூடாது, அதில் கம்பி மாட்டுகிற பிரிட்ஜ் வேறு. நைலான் கிட்டாரையே யாராவது கொண்டுவர வேண்டும். வீட்டில் சும்மா மாட்டி வைத்திருப்பவர்கள் இருந்தால் மார்ச்சுக்குக் கொண்டு வாருங்கள்.